அடுத்த வருஷம் நீ

திருச்சியில் நான் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில் எனக்குக் கணக்கு தெரிந்தவள் என்றொரு பெயர் இருக்கிறது. யார் பரப்பினார்கள் என்று தெரியவில்லை. பிள்ளைகளைக் கணிதப் போட்டிக்கு அனுப்பியே தீருவது என்றிருக்கும் தாய்மார்கள் என்னை லிஃப்டில் மடக்குவார்கள். “செலக்ட் ஆகுறதுக்கு ஏதாவது டெக்னிக் இருந்தா சொல்லுங்களேன்” என்பார்கள். இருக்கிறது, சொல்லவும் செய்கிறேன். வஞ்சனை இல்லாமல் சொல்கிறேன். யாராவது, “நீங்க எது வரைக்கும் போனீங்க?” என்று கேட்டுவிட்டால் மட்டும் அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தது எனக்கு ஞாபகம் வந்துவிடும்.

அந்த டெக்னிக் எதுவும் என் சொந்தச் சரக்கல்ல. குடவாசல் பக்கத்துக் கிராமத்திலிருந்து கும்பகோணத்துக்குப் பள்ளி வேனில் போய்ப் படித்த காலத்தில் எங்கள் கணக்கு சார் சொல்லிக்கொடுத்தது. மற்ற ஆசிரியர்கள் எல்லாம் எதை எழுதுவது என்று சொல்லித்தருவார்கள். இவர் எதை எழுதாமல் விடுவது என்று சொல்லித்தருவார். வினாத்தாள் கைக்கு வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட வேண்டும். தாள் முழுவதையும் படித்து முடிக்கும்வரை அதை எடுக்கக் கூடாது. பிறகு முதல் சுற்று, பார்த்ததுமே வழி தெரிகிற கணக்குகள். அடுத்த சுற்று, பெரிய எண்ணைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் சின்ன எண்ணைப் போட்டுப் பார்த்தால் பிடி கிடைக்கிற கணக்குகள். கடைசிச் சுற்றில் புதிதாக எதையும் தொடக் கூடாது, போட்டதையே சரிபார்க்க வேண்டும். தப்பான விடைக்கு மதிப்பெண்ணைப் பிடித்துக்கொள்ளும் போட்டி அது. அதனால் தெரியாத கணக்கைவிடப் பாதி தெரிந்த கணக்குதான் ஆளைக் கவிழ்க்கும் என்பார் சார்.

போட்டி பத்தாம் வகுப்பு வரைக்கும்தான். ஒரு பள்ளிக்கு ஒரே ஒரு இடம். அந்த ஒருவர் தஞ்சாவூரில் நடக்கும் தகுதிச் சுற்றில் எழுத வேண்டும். அதில் தேறினால் சென்னையில் பத்து நாள் முகாம். அங்கே பெரிய பெரிய பேராசிரியர்கள் வந்து, பாடப் புத்தகத்தில் இல்லாத கணக்குகளைக் காலையிலிருந்து மாலைவரை பேசிக்கொண்டே இருப்பார்கள் என்று சார் சொல்லியிருந்தார். மற்ற பிள்ளைகளுக்கு அது தண்டனையாகப் பட்டது. எனக்கு அதைக் கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை. அந்த முகாமுக்குப் போக வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதுபோல இன்றுவரை வேறு எதற்கும் ஆசைப்பட்டதில்லை. கல்யாணத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. என் தாய்மாமன் மகனும் அதே வகுப்பு, அதே வேன், முக்கால்வாசி நாள் அதே இருக்கை. அவனும் கணக்கில் கெட்டிக்காரன்தான். வட்டம், முக்கோணம் என்று வந்துவிட்டால் படத்தைப் போட்ட கையோடு விடையைச் சொல்லிவிடுவான். அவனிடம் ஒரே ஒரு வியாதி இருந்தது, எதையும் விட மாட்டான். தெரிந்ததை எழுதுவான், தெரியாததையும் எழுதுவான், எழுதிவிட்டு மார்க் போய்விட்டது என்று சாரிடம் சண்டைக்கும் போவான்.

ஜூலையில் சார் பள்ளி அளவில் ஒரு தேர்வு வைத்தார். நான் முதலாவதாக வந்தேன், அவன் இரண்டாவது. சார் வகுப்பில் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, “தஞ்சாவூருக்கு இவதான் போறா” என்றார். அன்று வேனில் வீடு வந்து சேரும்வரை நான் யாரிடமும் பேசவில்லை. பேசினால் சிரித்துவிடுவேன் என்று பயமாக இருந்தது.

வீட்டில் அதைக் காதுகொடுத்துக் கேட்கும் நிலையில் யாரும் இல்லை. அந்த வருஷம் மேட்டூரில் தண்ணீர் திறக்கவில்லை. அப்பா சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். அவர் அனுப்பியதில் வாங்கிய நிலம் மாமாவின் நிலத்துக்கு அடுத்தாற்போல், ஒரு வரப்பு கீழே இருந்தது. அதை முடித்துக்கொடுத்ததே மாமாதான். மாமாவுக்குச் சொந்தமாகப் போர் செட் உண்டு, எங்களுக்குக் கிடையாது. வாய்க்காலில் தண்ணீர் வராத வருஷங்களில் சுற்றியிருந்த நிலங்களுக்கெல்லாம் அவர் போரிலிருந்துதான் முறை வைத்துத் தண்ணீர் பாயும். அவர் நிலத்துக்கு முதல் முறை, பிறகு முன்னாலேயே சொல்லிவைத்தவர்கள். எங்கள் முறை கடைசி. தங்கை வீடுதானே, பொறுத்துக்கொள்வார்கள் என்று வைத்த இடம் அது.

முறை வருவதற்குள் எங்கள் நாற்றங்கால் வெடிப்பு விட்டிருந்தது. அம்மா காலையும் மாலையும் போய் வரப்பில் நின்று பார்த்துவிட்டு வருவாள். பார்ப்பதால் நாற்றுக்கு என்ன ஆகிவிடும்? ஆனாலும் போவாள். அப்பா தொலைபேசியில், “அங்க மழை வருமாம்ல?” என்று கேட்பார். சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு எங்கள் ஊர் வானிலையை அவர் எங்கே பார்த்தார் என்று தெரியாது. அம்மா, “வருமாம், வருமாம்” என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாள்.

நான் முதலாவதாக வந்த வாரத்தில் ஒரு நாள் மத்தியானம் அம்மா மாமா வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். நான் பள்ளியிலிருந்து வந்தபோது முகம் கழுவிப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். “நாளைக்கு நம்ம வயலுக்குத் தண்ணி பாயுது” என்றாள். எல்லாருக்கும் முன்னாலா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் முதலாவதாக வந்ததைக் கேட்டு மாமா சந்தோஷப்பட்டுத் தண்ணீர் விடுகிறார் என்றே நினைத்தேன். அப்படி நினைக்கிற வயதுதான்.

அன்று சாயங்காலம் மாமா வந்தார். குடவாசலில் உரக்கடை வைத்திருந்தார். அவர் உள்ளே வரும்போதே சட்டையில் பூச்சிமருந்து வாடை வரும். எந்த வாக்கியத்தையும் என்னை “மருமகளே” என்று கூப்பிட்டுத்தான் ஆரம்பிப்பார். ஊரில் யாரும் என்னிடம் அவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை.

“மருமகளே, மாமனுக்கு ஒரு உதவி பண்ணுவியா? இந்த வருஷம் அவன் போகட்டும். அடுத்த வருஷம் நீ. உனக்கென்ன, நீ எப்ப வேணாலும் பாஸாகுற புள்ள. அவனுக்கு இப்ப ஒரு தெம்பு வேணும்.”

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா, “மாமா கேக்குறாங்கல்ல?” என்றாள்.

முறை வைப்பது என்பது எங்கள் வீட்டில் கேள்வி கேட்கிற விஷயமே இல்லை. தண்ணீருக்கு முறை, அறுவடை மெஷினுக்கு முறை, கோவில் திருவிழாவில் மண்டகப்படிக்கு முறை. ஒருத்தர் முறை முடிந்தால் அடுத்தவர் மடையைத் திறப்பார், நடுவில் யாரும் புகுந்துவிட முடியாது. முறையைத் திருடியவன் என்று ஒருவனுக்குப் பெயர் வந்தால் அவன் ஊரில் டீக்கடையில்கூட உட்கார முடியாது. அதனால் ‘அடுத்த வருஷம் நீ’ என்பது எனக்குக் கல்லில் எழுதிய மாதிரி இருந்தது. வலித்தது, பொய் சொல்வானேன். ஆனால் சரி என்றேன். மாமா என் தலையில் கை வைத்து, “பெரிய மனசுடி உனக்கு” என்றார். அதற்கு முன் யாரும் என்னிடம் மனசு இருப்பதாகச் சொன்னதில்லை. நான் அப்படியே உச்சிகுளிர்ந்துபோனேன்.

மறுநாள் மாமாவும் அம்மாவும் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். சார் என்னைக் கூப்பிட்டு, “உனக்குச் சம்மதமா?” என்று கேட்டார். “சம்மதம் சார். அடுத்த வருஷம் நான் போறேன்” என்றேன். சார் மாமாவைப் பார்த்து, “அடுத்த வருஷம்கிறது...” என்று ஏதோ ஆரம்பித்தார். மாமா முந்திக்கொண்டு, “அதெல்லாம் எங்களுக்குள்ள பேசிக்கிட்டோம் சார்” என்றார். என்னை வகுப்புக்குப் போகச் சொன்னார்கள். நான் போன பிறகும் அம்மா வெகுநேரம் அந்த அறையில் சாரிடம் பேசிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதோடு விட்டார்களா? இல்லை. தகுதிச் சுற்றுக்கு ஒரு மாதம் இருக்கும்போது மாமா மறுபடியும் வந்தார். “மருமகளே, அவன் எல்லாத்தையும் எழுதித் தொலைக்கிறான். நீதான் அவனுக்கு எதை விடணும்னு சொல்லிக்குடுக்கணும்” என்றார். பெரிய மனசுக்காரி அல்லவா, சொல்லிக்கொடுத்தேன்.

வேனில் போகவர அதே வேலைதான். நான் ஒரு கணக்கைச் சொல்வேன். அவன் அதைப் போடக் கூடாது. ‘போடலாம்’ அல்லது ‘விடலாம்’ என்று மட்டும் சொல்ல வேண்டும். அவனுக்கு அது நரக வேதனையாக இருந்தது. “தெரிஞ்ச மாதிரி இருக்குடி, போட்டுப் பாக்குறேனே” என்று கெஞ்சுவான். தெரிந்த மாதிரி இருந்தால் விடு, தெரிந்தால் மட்டும் போடு என்பேன். ஏழின் அடுக்குகளில் கடைசி இலக்கம் ஏழு, ஒன்பது, மூன்று, ஒன்று என்று சுற்றிச் சுற்றி வருவதைக் காட்டிக்கொடுத்தேன். ஒன்பதால் வகுத்தால் வரும் மீதியை இலக்கங்களைக் கூட்டியே பிடிப்பதை, ஒற்றை இரட்டை பார்த்தே பாதி விடைகளைக் கழித்துக்கட்டுவதை, நான் எனக்காகச் சேர்த்துவைத்திருந்த அத்தனையையும் கொட்டினேன். அவன் தேறினால் நம் பள்ளிக்குப் பெருமை, மாமாவுக்குச் சந்தோஷம், அடுத்த வருஷம் என் முறைக்கு அவனே வந்து எனக்கு வடிவியல் சொல்லிக்கொடுப்பான். என் கணக்கு அப்படி ஓடியது.

அவன் தேறினான். பத்துக் கேள்விகளைத் தொடாமலே விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னான். அவன் எதையும் விட்டு நான் கேள்விப்பட்டது அதுதான் முதல் தடவை. மாமா ஊர் முழுக்க லட்டு கொடுத்தார். எங்கள் வீட்டுக்குத் தனியாக ஒரு டப்பா வந்தது. அவன் சென்னைக்குப் போய்விட்டு முகாமின் பெயர் போட்ட பனியன் ஒன்றோடு திரும்பினான். அங்கே என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று துருவித் துருவிக் கேட்டேன். “ஹாஸ்டல்ல பூரி நல்லாருந்துச்சு” என்றான்.

அன்றிலிருந்து ஒரு வருஷம் நான் உழைத்த உழைப்பு எனக்குத்தான் தெரியும். சாரிடமிருந்த பழைய வினாத்தாள்களை எல்லாம் வாங்கிப் போட்டேன். நேரம் வைத்துப் போட்டேன். எனக்கு வராத வட்டங்களையும் முக்கோணங்களையும் அழுதுகொண்டே போட்டேன். அம்மா சில நாள் விளக்கை அணைக்க வருவாள். என்னைப் பார்ப்பாள், ஒன்றும் சொல்லாமல் போய்விடுவாள். ஒரு தடவையாவது வாயைத் திறந்திருக்கலாம்.

பத்தாம் வகுப்பு தொடங்கிய வாரமே சாரிடம் போய் நின்றேன். சார் என்னைப் பார்த்ததும் மேஜை மேலிருந்த சாக்கட்டிகளை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தார். முகாம் வரை போனவர்களை அடுத்த வருஷமும் அவர்களே கூப்பிட்டுக்கொள்வார்கள், பள்ளியின் இடம் அவர்களுக்கே போய்விடும், அவன் தஞ்சாவூரில் தோற்றிருந்தால்தான் இடம் காலியாகியிருக்கும் என்று சொன்னார். “போன வருஷமே சொல்ல வந்தேம்மா. உங்க வீட்டுல எல்லாம் தெரியும்னாங்க” என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. நான் அவனுக்கு ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்ததால்தான் என் இடம் போனது. கொஞ்சம் அரைகுறையாகச் சொல்லிக்கொடுத்திருந்தால் நான் தஞ்சாவூருக்குப் போயிருப்பேன்.

அவனிடம் போனேன். அவன், “எனக்கென்ன, நீயே போடி” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவன் வீட்டில் எழுதிக்கொடுத்தால் பள்ளி மாற்றிக்கொள்ளலாம் என்று சாரும் சொன்னார். மாமாவின் உரக்கடைக்கே போய்க் கேட்டேன். கடையில் ஆட்கள் இருந்தார்கள்.

“முறை வச்சுக்கிட்டமே மாமா” என்றேன்.

மாமா சிரித்தார். ஆட்களையும் பார்த்துச் சிரித்தார். “தண்ணிக்கு முறை வைக்கலாம் மருமகளே. படிப்புக்கு யாராச்சும் முறை வைப்பாங்களா? கேம்ப் வரைக்கும் போன பையனை நிறுத்தச் சொல்றியே, நல்லாவா இருக்கு?” என்றார். கடைப் பையனைக் கூப்பிட்டு எனக்கு ஒரு ரோஸ்மில்க் வாங்கிவரச் சொன்னார். அதை அங்கேயே கவிழ்த்துவிட்டு வந்திருக்க வேண்டும். நான் குடித்துவிட்டு, “வரேன் மாமா” என்று சொல்லிவிட்டு வந்தேன். எங்கள் வளர்ப்பு அப்படி.

அந்த வருஷம் மேட்டூர் நேரத்துக்குத் திறந்தது. வாய்க்கால் கரை தொட்டு ஓடியது. மாமாவின் போர் யாருக்கும் தேவைப்படவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லி அழுதேன். “மாமாகிட்ட நீ பேசும்மா” என்று காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். அம்மா நடவு ஆட்களுக்குச் சோறு கட்டிக்கொண்டிருந்தாள். “பத்தாவது பரீட்சையைப் பாரு. அதுதான் முக்கியம்” என்றாள். அவளுக்கு அண்ணனிடம் பயம் என்று நினைத்துக்கொண்டேன். பாவம் என்றுகூட நினைத்தேன்.

பிறகு வருஷங்கள் போயின. கல்லூரிக்குப் போனேன், வேலைக்கு வந்தேன். கணக்கு சம்பந்தமில்லாத வேலை. மாமா மகன் அடுத்த தடவை போனதோடு சரி, பிறகு ஏதோ ஒரு பொறியியல் படித்து முடித்தான். இப்போது உரக்கடையில் உட்கார்ந்து யூரியா விற்கிறான். அந்தத் தண்ணீரைக் காட்டித்தான் மாமா அம்மாவிடம் என் இடத்தைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும் என்பது எனக்குக் கல்லூரிக் காலத்திலேயே விளங்கிவிட்டது. நாற்று கருகும்போது கேட்டால் எந்தப் பெண்தான் மாட்டேன் என்பாள்? அவளை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். மாமாவை மன்னிப்பதாக இல்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது மாமா கரும்புக் கட்டோடு வந்தார். தெரிந்தவர் மகள் ஒருத்தி ஏதோ கணிதப் போட்டிக்குப் போகிறாளாம். “மருமகளே, அந்தப் புள்ளைக்கு நீ நாலு டிப்ஸ் சொல்லணும். எங்க வீட்டுலயே ஆள் இருக்குன்னு சொல்லிட்டேன்” என்றார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ தெரியவில்லை.

“அந்தப் புள்ளைக்கும் முறை வச்சிருக்கீங்களா மாமா?” என்றேன். “தண்ணியைக் காட்டி எங்கம்மாகிட்டேருந்து என் இடத்தை வாங்குனீங்கல்ல? அந்த மாதிரி.”

மாமா காபி டம்ளரைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அம்மாவைப் பார்த்தார். “நான் கேக்கலம்மா” என்றார். அந்தப் பேச்சில் மருமகளே இல்லை. “உங்கம்மாதான் வந்து சொன்னா. எனக்கு அந்தப் போட்டியைப் பத்தியே அப்ப ஒண்ணும் தெரியாது.” பிறகு கடையில் ஆளில்லை என்று ஏதோ சொல்லி எழுந்து போய்விட்டார்.

அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“ஆமா, நாந்தான் சொன்னேன்” என்றாள்.

“அடுத்த வருஷம்னு ஒண்ணு கெடையாதுன்னு தெரியுமா உனக்கு?”

“தெரியும். சார் சொன்னாருல்ல?”

“அப்புறமும் ஏம்மா?”

அம்மா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். இதுகூடவா விளங்கவில்லை என்கிற மாதிரிதான் பார்த்தாள். “சும்மா கேட்டாத் தண்ணி குடுக்குற ஆளா உன் மாமா? அதுக்கு முன்னாடி ரெண்டு தடவ கேட்டுட்டு வந்தேன், பாக்கலாம்னாரு. அவருக்கு வேணுங்குற மாதிரி எங்கிட்ட வேற என்ன இருந்துச்சு, சொல்லு. அந்த வருஷம் பூரா நாம சாப்பிட்டது அந்த நெல்லைத்தான்.”

அவள் மறுபடியும் மொச்சையை எடுத்துக்கொண்டாள். அவள்மீது கோபப்படவும் முடியவில்லை, கோபப்படாமல் இருக்கவும் முடியவில்லை. அந்த இரண்டும் கெட்டான் நிலையில்தான் இன்றுவரை இருக்கிறேன்.

மாமா வந்து கேட்டதாகவும், நான் யோசித்துப் பார்த்துச் சரி என்றதாகவும், மனமுவந்து விட்டுக்கொடுத்ததாகவும் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். வலித்தாலும் அதில் எனக்கு ஒரு கௌரவம் இருந்தது. மாமா வீட்டுக்கு வந்து என் தலையில் கை வைப்பதற்கு முன்பே, நான் பள்ளியில் இருந்த அந்த மத்தியானத்திலேயே எல்லாம் பேசி முடிந்திருக்கிறது. நான் சரி என்றிருந்தாலும் மாட்டேன் என்றிருந்தாலும் மறுநாள் காலையில் எங்கள் வயலுக்குத் தண்ணீர் பாய்ந்திருக்கும்.